மறுக்க முடியாத பரிசு

கொழும்பு நூதனசாலையிலே மும்மொழிக் கல்வெட்டொன்று உள்ளது. 1409ஆம் ஆண்டுத் திகதியைக் கொண்ட அது, 1911இல் காலி நகரில் மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்தபோது கண்டெடுக்கப்பட்டது. சீனப் பேரரசர் யொங்லேயின் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்த கல் அது. புத்தபிரானுக்குச் சீனத்திலும், தெனவரை நாயனாருக்குத் தமிழிலும், அல்லாஹ்வுக்குப் பாரசீகத்திலும் பேரரசர் செலுத்திய காணிக்கைகளை அது கூறுகின்றது. பொன்னும் வெள்ளியும் பட்டும் எண்ணெயும் மூன்று சமயங்களுக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் வழங்கப்பட்டன.

இதனைச் சமயப் பொறையின் சின்னமென்பர் பலர். அவர் கூற்றில் உண்மையுண்டு. ஆயினும் மற்றொரு நிகழ்ச்சியையும் இதனருகே வைத்து நோக்குதல் வேண்டும். 1411இல் இதே செங் ஹோ, இந்நாட்டின் தென்மேற்கில் அதிகாரம் செலுத்திய அழகக்கோனாரைக் குடும்பத்துடன் சிறைப்பிடித்துச் சீனத் தலைநகருக்குக் கொண்டு சென்றார். கப்பல்களைக் கொள்ளையிட அழகக்கோனாரே முயன்றாரெனச் சீன அரச குறிப்புகள் கூறும். அவை வென்றவர் எழுதியவை. பேரரசர் பின்னர் அவரை விடுவித்தார். ஆனால் அவருக்குப் பதிலாக வேறொருவரை ஆட்சியில் அமர்த்துமாறு பணித்தார்.

காணிக்கை செலுத்திய கையும் விலங்கிட்ட கையும் ஒன்றே. இதில் முரண்பாடு உண்டா? இல்லையென்பதே எம் கருத்து. 1405 முதல் 1433 வரை ஏழு முறை புறப்பட்ட அக்கப்பற்படையின் முதற் பயணத்திலேயே ஏறத்தாழ 27,000 பேர் சென்றனர். பின்வந்த போர்த்துக்கேயரைப் போல அவர்கள் இங்கு கோட்டை கட்டி நிலத்தைக் கவரவில்லை. இவ்வேறுபாட்டை மறைப்பது நேர்மையன்று. எனினும், பேரரசரின் மேலாண்மையை ஏற்றோர்க்கே அவர் நட்பு உரியதாயிற்று.

செங் ஹோவின் வாழ்வும் இவ்வதிகாரத்தின் இயல்பைக் காட்டும். யுன்னானில் முஸ்லிம் குடும்பமொன்றிற் பிறந்த அவர், சிறுவனாக மிங் படையினரிடம் அகப்பட்டு, விதையடிக்கப்பட்டு, அரச பணியில் ஈடுபடுத்தப்பட்டவர். சிறைப்பட்ட சிறுவனே பிற்காலத்தில் பிறரைச் சிறைப்பிடிக்கும் கருவியானான்.

ஆகவே ஒரு கொடையின் அறத்தைப் பொன்னின் நிறையாலோ, கொடுப்பவரின் இன்மொழியாலோ அளத்தல் இயலாது. ஏற்பவர் அதனை அச்சமின்றி மறுக்க முடியுமா என்பதே உரைகல். வலியோர் எத்திசையிலிருந்து பரிசுடன் வரினும், எளியோர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுவே.