ஆள்வோரின் வாக்கும் வாக்குதான்

கடைத்தெருவில் ஒருவர் மற்றவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு மாறினால், 'சொல் தவறியவர்' என்று ஊரே அவரைப் பேசுகிறது. அதே காரியத்தை ஓர் அரசாங்கம் செய்தால், 'கொள்கை மாற்றம்' என்று பெயர் சூட்டிவிட்டு நாம் வாளாவிருந்து விடுகிறோம். வாக்கைக் காக்கும் கடமை தனிமனிதனுக்கு மட்டும்தானா? ஆள்வோருக்குக் கிடையாதா?

1968 அக்டோபரில், புதிய தொழிற்சாலைகளுக்கு மூன்றாண்டுகளுக்கு விற்பனை வரி விலக்கு அளிக்க உத்தரப் பிரதேச அரசு முடிவு செய்திருப்பதாகப் பத்திரிகையில் செய்தி வந்தது. மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலை நிறுவனத்தார் கான்பூரில் ஒரு வனஸ்பதி ஆலை அமைக்க எண்ணியிருந்தனர். அவர்கள் அரசுக்கு எழுதிக் கேட்டார்கள். 1969 ஜனவரியில் தலைமைச் செயலாளரே கடிதம் மூலம் உறுதி கூறினார். அதை நம்பிக் கடன் வாங்கி ஆலையை எழுப்பினார்கள். ஆனால் 1970 ஜனவரியில், முழு விலக்கு இல்லை, ஒரு பகுதிச் சலுகைதான் என்றது அரசு. வேறு வழியின்றி அதற்கும் இசைந்தார்கள். ஜூலை 2-ஆம் தேதி ஆலை ஓடத் தொடங்கியது. ஆகஸ்டில் அந்தச் சலுகையும் ரத்தாயிற்று!

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. 1978 டிசம்பரில் நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். ஒருவர் சொல்லை நம்பி மற்றவர் தம் நிலையை மாற்றிக்கொண்ட பிறகு, சொன்னவர் பின்வாங்க முடியாது. அரசாங்கமும் இதற்கு விலக்கல்ல என்பதே அதன் சாரம். 'குறைந்த சலுகைக்கு இசைந்தபோதே உரிமையை விட்டுக் கொடுத்துவிட்டார்களே' என்ற வாதமும் எடுபடவில்லை. தமக்கு இன்ன உரிமை உண்டு என்று தெரிந்து விட்டுக் கொடுத்தால்தான் அது விட்டுக் கொடுத்தல் ஆகும் என்றது கோர்ட்.

எனினும், மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். வரிப்பணம் ஆள்வோரின் சொந்தச் சொத்தல்ல. அது மக்களின் அமானிதம். காலநிலை மாறி, பழைய வாக்கைக் காப்பதே மக்களுக்குத் தீங்காகிவிட்டால் என்ன செய்வது? பி.வி.சி. பிசினுக்கு அளித்த சுங்க வரி விலக்கு 1981 மார்ச் வரை இருக்கும் என்று மத்திய அரசு அறிவித்திருந்தது. ஆனால் 1980 அக்டோபரிலேயே அதை விலக்கிக் கொண்டது. விலை நிலவரம் மாறிவிட்டது, பொதுநலன் அதை வேண்டுகிறது என்று காரணம் கூறியது. 1994-இல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்றுக்கொண்டது. ஆக, பொதுநலன் மெய்யாகவே குறுக்கிட்டால் வாக்கு வழிவிடலாம். ஆனால் 'பொதுநலன்' என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. காரணத்தை விளக்கி மெய்ப்பிக்க வேண்டும் என்று 1978 தீர்ப்பே எச்சரித்திருக்கிறது.

இந்தக் கேள்வி நம் ஃபிக்ஹுக்கும் புதிதல்ல. வாக்கை நிறைவேற்றுவது சிறந்த பண்பு என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. காஜி அதை வற்புறுத்தி நிறைவேற்றச் செய்யலாமா என்பதில்தான் வேறுபாடு. பெரும்பான்மையோர் 'கூடாது' என்றனர். மாலிக்கி மத்ஹபின் பிரபலமான கருத்தோ, ஒரு காரியத்தைச் சுட்டி வாக்குக் கொடுத்து, அதை நம்பி மற்றவர் அக்காரியத்தில் இறங்கிவிட்டால், அந்த வாக்கு கட்டுப்படுத்தும் என்பதாகும். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமியும், தக்க காரணம் இருந்தாலன்றி வாக்கு மார்க்கப்படி கட்டுப்படுத்தும் என்றது. நம்பியவர் அதனால் செலவில் இறங்கியிருந்தால் சட்டப்படியும் கட்டுப்படுத்தும் என்று முடிவு செய்தது. எங்கோ வாழ்ந்த சட்ட மேதைகளும் நம் ஃபுகஹாக்களும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பாருங்கள்! நம்பியவன் நட்டப்படக் கூடாது என்ற நியாயமே அந்த இடம்.

ஆள்வோரைக் குறை கூறுவது எளிது. 'உன் மகனைக் கடையில் சேர்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லி, அவன் இருந்த வேலையை விட்டு வந்த பிறகு கைவிரிக்கும் முதலாளி நம்மிலும் உண்டு அல்லவா? கோர்ட்டுக்குப் போக வசதியுள்ள ஆலை முதலாளிக்கு எட்டாண்டுகளுக்குப் பின்னாவது நீதி கிடைத்தது. அந்த ஏழைப் பையன் எந்தக் கோர்ட்டுக்குப் போவான்?

வாக்குக் கொடுக்குமுன் ஆயிரம் முறை யோசிப்போம். கொடுத்த பின், நம்மை நம்பி வந்தவரின் முகத்தை ஒரு முறையாவது எண்ணிப் பார்ப்போம். வாக்கைக் காக்கும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.