மரத்தூள்

பொய் சொல்லக் கூடாது என்பதில் யாருக்கும் கருத்து வேற்றுமை கிடையாது. நாள் முழுவதும் பொய் சொல்லிப் பிழைப்பவர்கள்கூட அதை ஒப்புக்கொள்வார்கள். ஆனால், தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் இருந்துவிட்டால் அது பொய்யா என்று கேட்டுப் பாருங்கள். நல்ல மனிதர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். நான் எந்தக் கட்சி என்பது கனகசெட்டிக்குளத்தில் என் வண்டி நின்றுபோகும் வரை எனக்கே தெரியாது.

வண்டி என்று சொன்னேன்; வீடு என்றாலும் தவறில்லை. பழைய வேன் ஒன்றின் இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு, இரண்டு படுக்கை, ஒரு காஸ் அடுப்பு, நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி, துணி மாட்ட ஓர் அலமாரி எல்லாம் வைத்து யாரோ ஆசையாகக் கட்டியது. சினிமாக்காரர்கள் கேரவன் என்கிறார்களே, அதற்கு ஏழைச் சித்தப்பா முறை. ஊர் ஊராகப் போய், மரத்தடியில் நிறுத்தி, நாவல் எழுதலாம் என்று எனக்கொரு சொப்பனம். என் மனைவிக்கு அப்படி ஒன்றும் இல்லை. "இருக்கிற வீட்டுக்கே வெள்ளையடிக்கல, இன்னொரு வீடா?" என்று கேட்டாள். நான் வாங்கினேன்.

ஆவணியில் வாங்கியது. மாமல்லபுரம் வரைக்கும் மூன்று தடவை போய்வந்ததோடு சரி. மூன்றாவது தடவை வரும்போது, மூன்றாவது கியர் தானாக நழுவி நழுவி விழுந்தது. நான் இடது கையால் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டி வந்தேன். "ஏங்க, என்னமோ முனகுதே" என்றாள் அவள். "பழைய வண்டி என்றால் முனகத்தான் செய்யும், நான்கூட முனகவில்லையா?" என்று சொல்லிச் சிரித்தேன். வேடிக்கையாகப் பேசத் தெரிந்திருப்பதில் இது ஓர் ஆபத்து.

மே மாத விடுமுறையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு தரங்கம்பாடிக்குப் புறப்பட்டோம். மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டித் தெற்கே வந்தால், தமிழ்நாடு முடிந்து புதுவை ஆரம்பிக்கிற முதல் ஊர் கனகசெட்டிக்குளம். எல்லை வந்துவிட்டது என்று மண்ணோ மரமோ சொல்லாது. மதுக்கடைப் பலகைகள் சொல்லும். அங்கே, உச்சி வெயிலில், தேங்காய் உடைத்தாற்போல் ஒரு சத்தம். கம்பி கையில் தொளதொளவென்று ஆடியது. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, வண்டி நகரவில்லை. வீடு அதற்கு இயல்பான காரியத்தைச் செய்துவிட்டது. நின்ற இடத்திலே நின்றுவிட்டது.

காலாப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். அதிகம் பேசாத மனிதர். அடியில் படுத்து, கியர் பெட்டியின் ஆணியைத் திருகி எண்ணெயை ஒரு தகரத்தில் இறக்கினார். எண்ணெய் வரவில்லை, கேழ்வரகுக் கூழ் மாதிரி ஒன்று கட்டி கட்டியாக விழுந்தது. அதற்குள் இரும்புப் பொடி வெயிலில் மின்னியது. இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்து, முகர்ந்து பார்த்து, என்னிடம் நீட்டினார்.

"மரத்தூள் சார்."

கதை படிக்கிறவர்களுக்கு இது புரியாமல் போகலாம். இஞ்சின் சுழலுகிற வேகம் வேறு, சக்கரத்துக்கு வேண்டிய வேகம் வேறு. இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து சமரசம் செய்து வைக்கிற பஞ்சாயத்துக்காரர்தான் கியர் பெட்டி. மேட்டில் வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டுவார். சம தரையில் வலுவைக் குறைத்து வேகத்தைக் கொடுப்பார். உள்ளே பற்சக்கரங்கள் எண்ணெயில் குளித்துக்கொண்டு சுழல்கின்றன. பல்லும் பேரிங்கும் தேய்ந்தால் ஊளையிடும். அப்படி ஊளையிடும் பெட்டியில் மரத்தூளை அள்ளிப் போட்டால் எண்ணெய் கூழாகி, பல்லுக்கும் பல்லுக்கும் இடையே மெத்தை விரித்தாற்போல் உட்கார்ந்துகொள்ளும், சத்தம் அடங்கிவிடும். வாங்க வந்தவர் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்து, பட்டுப்போல் போகிறது என்று பணத்தை எண்ணிக் கொடுப்பார். பிறகு அந்தக் கூழே எண்ணெய் போகிற வழியை அடைக்கும். பேரிங் வறண்டு, சூடேறி, ஒரு நாள் நொறுங்கும். இதில் வீட்டு வண்டிக்குக் கூடுதலாக ஒரு கஷ்டம் உண்டு. லாரியாவது சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலியாக வரும். வீடு என்றைக்கும் காலியாகப் போவதில்லை.

பழைய கார் வியாபாரத்தில் இது உலகம் முழுதும் தெரிந்த தந்திரம். எனக்குத்தான் தெரியவில்லை.

மனைவியையும் குழந்தைகளையும் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டு, வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து, எனக்கு விற்றவருக்குப் போன் செய்தேன். கோபத்தில் வார்த்தைகள் தடுமாறின. அவர் தடுமாறவில்லை.

"நீங்க கேக்கலையே சார்" என்றார்.

இந்த நாலு எழுத்துப் பதிலுக்குப் பின்னால் சட்டமே நிற்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. வக்கீல் சிநேகிதர் ஒருவர் 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். பதினேழாவது பிரிவு. ஒருவன் ஏலத்தில் குதிரை விற்கிறான். அதற்கு நோய் என்று அவனுக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. இது மோசடி அல்ல என்கிறது சட்டம். வாங்குகிறவள் அப்போதுதான் மேஜரான அவன் மகள் என்றால் மட்டும் சொல்லக் கடமைப்பட்டவன். அல்லது வாங்குகிறவன், "நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்" என்று சொல்லி, அதற்கும் இவன் மௌனமாக இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமானம்.

நான் யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு நான் கேட்கத்தான் செய்தேன். "எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது?" என்றேன். அவர் புன்னகை செய்து, "காப்பி சாப்பிடுங்க" என்றார். புன்னகை பேச்சா, மௌனமா? வக்கீல் சிநேகிதர் சிரித்துவிட்டார். அவருக்கும் காப்பி வந்தது.

இதில் எனக்கு வியப்பாக இருந்தது வண்டி நின்ற இடந்தான். கனகசெட்டிக்குளத்துக்கு வடக்கே இருந்தது பிரிட்டிஷ் இந்தியா. அங்கே மேற்படி குதிரைச் சட்டம். ஊருக்குள் நுழைந்துவிட்டால் பிரெஞ்சு ராஜ்யம். நெப்போலியன் காலத்தில், 1804-ல் பிறந்த அவர்களுடைய சிவில் சட்டத்தின் 1641-ஆவது விதி வேறு மாதிரி பேசுகிறது: பொருளில் கண்ணுக்குத் தெரியாத குறை இருந்து, அது தெரிந்திருந்தால் வாங்கியிருக்கமாட்டான் அல்லது குறைந்த விலைக்குத்தான் கேட்டிருப்பான் என்றால், அதற்கு விற்றவனே பொறுப்பு. தனக்கே தெரியாது என்று அவன் சொன்னாலும், அப்படியொரு பொறுப்பு ஏற்கமாட்டேன் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளாதவரை, தப்ப முடியாது. தெரிந்தே விற்றிருந்தால் நஷ்டஈடும் தர வேண்டும். ஆக, ஒரே பனைமரத்துக்கு வடக்கே மௌனம் சாமர்த்தியம், தெற்கே மௌனம் குற்றம். 1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். 1962 ஆகஸ்டில் சட்டப்படி இணைப்பு முடிந்தது. பிறகு இந்தியச் சட்டங்கள் ஒவ்வொன்றாக இங்கேயும் வந்துவிட்டன. குதிரை எல்லையைத் தாண்டிவிட்டது.

சட்டம் கிடக்கட்டும். மனச்சாட்சிக்கு எது எல்லை?

இந்தக் கேள்வி நமக்கு முன்னாலேயே சண்டை போட்டுத் தீராத கேள்வி. ரோமாபுரியின் சிஸரோ கி.மு. 44-ல் தம் மகனுக்காக எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இதைச் சொல்லியிருக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாண்டிரியாவிலிருந்து ஒரு வியாபாரி தானியத்தோடு வந்து இறங்குகிறான். பின்னாலேயே வேறு கப்பல்களும் வருவதைக் கடலில் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். அதை ஊராரிடம் சொல்ல வேண்டுமா, சொல்லாமல் உச்ச விலைக்கு விற்கலாமா? பாபிலோனியாக்காரர் டயோஜனிஸ், "சட்டம் சொல்லச் சொன்ன குறையைச் சொன்னால் போதும், எனக்குத் தெரிந்ததை எல்லாம் உனக்குச் சொல்ல நான் கடமைப்பட்டவனல்ல" என்ற கட்சி. (ஜாடியில் குடியிருந்த டயோஜனிஸ் வேறு. உருட்டிக்கொண்டு போகக்கூடிய வீடு வைத்திருந்த அந்த மனுஷரை இந்த வழக்கில் சாட்சியாகக் கூப்பிட எனக்கு ஆசைதான்.) அவருடைய சீடர் ஆண்டிபேட்டர், வாங்குகிறவனுக்குத் தெரியாதது விற்கிறவனுக்குத் தெரிந்த எதுவும் மிச்சமிருக்கக் கூடாது என்றார். சிஸரோ சீடர் பக்கம். சொல்லாதது எல்லாம் மறைத்தது ஆகாதுதான். ஆனால் எதிராளி அறியாமல் இருப்பதில் நமக்கு லாபம் இருந்து, அந்த லாபத்துக்காகவே வாயை மூடிக்கொண்டால் அதற்குப் பெயர் மறைப்பது என்பது அவர் தீர்ப்பு.

புத்தகத்தில் இதைப் படிக்கும்போது நாம் எல்லாரும் ஆண்டிபேட்டர்தான். வேப்பமரத்தடியில் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு கணக்குச் சொன்னார். பெட்டியை இறக்கி, பல்லும் பேரிங்கும் மாற்றினால் நாற்பத்தைந்தாயிரம் ஆகும். வேறு வழியும் உண்டு என்றார். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. ஒரு பேரிங்கை மட்டும் மாற்றி, கம்பியைச் சரிபண்ணி, "பழையபடி தூளைப் போட்டுடலாம் சார். சென்னை வரைக்கும் போகாது. ஓட்டிக் காட்டறதுக்குத் தாங்கும். தள்ளிவிட்டுடுங்க" என்றார்.

நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. டீக்கடைக்குப் போனேன். ஒரு டீ முழுவதும் குடித்தேன். எனக்குச் செய்ததை நான் செய்தால் கணக்கு நேராகிவிடும் என்று தோன்றிற்று. என்னை ஏமாற்றியவனுக்கும் இனி நான் ஏமாற்றப்போகிறவனுக்கும் சம்பந்தமே இல்லை என்பது டீயின் கடைசி வாய்க்குத்தான் தோன்றியது. அவமானத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமல் யார் கையிலாவது கொடுத்துவிடப் பார்க்கிறோம். கிடைத்தவன் கையில் திணித்துவிடுகிறோம். திரும்பி வந்து, "தூள் வேண்டாம்" என்றேன். அவர் வியப்பும் படவில்லை, மெச்சவும் இல்லை. "சரி சார்" என்றார். அவ்வளவுதான். ஒரு கதையாக இருந்தால் நான் அவர் கண்ணைக் கலங்க வைத்திருப்பேன்.

ஒரு மாதம் அவர் கொட்டகையில் வண்டி கிடந்தது. அவரே ஆள் கொண்டுவந்தார். இருபத்தைந்து வயதுப் பிள்ளை. பல்கலைக்கழகத்துப் பக்கம் மாணவர்களுக்கு இட்லி, பரோட்டா போட ஒரு வண்டி தேடிக்கொண்டிருந்தார். அடுப்பும் தொட்டியும் ஏற்கெனவே இருப்பதைப் பார்த்து முகம் மலர்ந்துவிட்டது. கியரைப் பற்றிக் கேட்கவே இல்லை. நான் கேட்காமலே சொன்னேன். எண்ணெய் இறக்கியது, தூள் விழுந்தது, எல்லாம் ஒன்று விடாமல். சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் கம்பீரம் ஏறியிருந்தது என்று இப்போது சந்தேகிக்கிறேன்.

"பரவால்ல சார், நான் ஒரே இடத்துல நிறுத்தப் போறவன்" என்றார் அவர். ஆனாலும் விவரமான பிள்ளை; அதைச் சொல்லியே அறுபதாயிரம் குறைத்துக்கொண்டார். அந்த அறுபதாயிரத்தை நான் சந்தோஷமாகவே விட்டேன். நல்லவனாக இருப்பதற்கு ரசீது கிடைத்தாற்போல் இருந்தது.

ஐப்பசியில் சென்னையில் முதல் மழை கொட்டிய இரவு விழித்துக்கொண்டேன். வண்டிக் கூரையின் வலது மூலை ஞாபகம் வந்தது. அடுப்புக்கு நேர் மேலே. போன வருஷம் மழைக்காலம் பூராவும் அது ஒழுகிக்கொண்டிருந்தது. நாங்கள் அடியில் ஒரு குண்டான் வைத்தோம், பழகிவிட்டோம், குழந்தைகள் அந்தச் சொட்டுக்குத் தாளம் போடுவார்கள். பிறகு கோடை வந்தது. குறை என்ற கணக்கிலேயே அது என் மனத்தில் இல்லை. ஓடாத வண்டியின் கியரைப் பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் செய்தவன், மழையில் அடுப்பெரிக்க வேண்டியவனிடம் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் மறைக்கவில்லை. சிஸரோவின் அளவுகோலில் தப்பிவிடுவேன். அவன் அறியாமையால் லாபம் பார்க்க நான் நினைக்கவில்லை. 1641-ஆவது விதியில் தப்பமாட்டேன். அது என் மனத்தைக் கேட்கவில்லை, அவன் தலைமேல் விழும் தண்ணீரைத்தான் கேட்கிறது. எது நியாயம் என்று அந்த இரவு எனக்குப் பட்டதோ, அதை விடிந்ததும் மாற்றிக்கொள்ள எத்தனையோ சமாதானம் கிடைத்தது. இன்னொன்றும் தோன்றியது. எனக்கு விற்றவர் அந்த வண்டிக்கு மூன்றாவது சொந்தக்காரர். தூளைப் போட்டவர் அவர்தானா? அவருக்கு முந்தியவரா? அவரும் அந்த முனகலுக்குப் பழகிப்போய், பழைய வண்டி என்றால் முனகத்தான் செய்யும் என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்திருப்பாரா? "நீங்க கேக்கலையே" என்று அவர் சொன்னதில் திமிர் மட்டுந்தான் இருந்ததா என்று இப்போது என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் அந்தப் பிள்ளைக்குப் போன் செய்தேன். பின்னால் பாத்திரச் சத்தமும் மாணவர்கள் பேச்சும் கேட்டன. தயங்கித் தயங்கிக் கூரையைப் பற்றிக் கேட்டேன்.

"ஆமா சார், ஒழுகுது" என்றார். "குண்டான் வெச்சிருக்கோம். உங்க குண்டான்தான் சார், உள்ளேயே விட்டுட்டுப் போயிட்டீங்க."

தகடு அடித்துத் தார் பூச என்ன ஆகும் என்று கேட்டேன். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். அதற்குள் யாரோ இரண்டு பரோட்டா கேட்டார்கள்.