ரிம்மின் நடுப்பள்ளம்

டர்ட் பைக் ரிம்மின் நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடுகிறது. டயர் கழற்றும் சூட்சுமமே அதில்தான். காற்றை இறக்கி, டயரை ரிம்மோடு பிடித்திருக்கும் ரிம் லாக்கின் நட்டைத் தளர்த்தியபின், லிவர் போடும் இடத்துக்கு எதிர்ப்பக்க டயர் விளிம்பை முழங்காலால் அழுத்திப் பள்ளத்தில் இறக்க வேண்டும். விளிம்புக்குள் கம்பி இருப்பதால் அது நீளாது. பள்ளம் தரும் தளர்வுதான் கிடைக்கும். சோப்புத் தண்ணீர் தடவி, லிவரைச் சிறிது சிறிதாக நகர்த்தினால் விளிம்பு வழுக்கி வெளியே வரும். பலமாக நெம்ப வேண்டியிருந்தால், எதிர்ப்பக்கம் பள்ளத்தைவிட்டு ஏறியிருக்கிறது என்று பொருள். மாட்டும்போது ட்யூபில் லேசாகக் காற்று இருக்கட்டும். தொளதொளவென்று கிடந்தால் லிவருக்கடியில் சிக்கிக் கிழியும். முதன்முறை செய்பவர்களுக்குப் புது ட்யூப் பாழாவது பெரும்பாலும் இங்கேதான். மண் தடத்துக்கு 12 முதல் 14 பிஎஸ்ஐ காற்று போதும். அவ்வளவு குறைந்த காற்றில் டயர் ரிம்மில் சுழன்று வால்வைப் பிய்க்கக்கூடும் என்பதால், விளிம்பு சரியாக அமர்ந்ததும் ரிம் லாக்கை இறுக்கிவிட வேண்டும்.