நலமா என்னும் கேள்வி

“நலமா?” என்று கேட்கிறோம், “நலமே” என்று பதில் வருகிறது. அப்பதிலுக்குள் மறைந்து கிடக்கும் துயரை நாம் அறிவோமா?

சவ்வாது மலையடிவாரத்துத் திருப்பத்தூரில் வாழும் பெரியவர் ஒருவர் புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை பெற்றார். நோய் நீங்கியது. ஆயினும் அவர் பேருந்தில் ஏறுவதில்லை. திருமண வீடுகளுக்குச் செல்வதில்லை. அடக்க இயலாது கசியும் சிறுநீரே காரணம். தாம்பத்திய உறவிலும் குறை நேர்ந்தது. மனைவியிடம்கூட அவர் மனம் திறக்கவில்லை.

சுரப்பியைத் தாண்டிப் பரவாத இந்நோயுடைய 1,643 பேரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த பிரிட்டானிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு ஆகிய மூன்றில் எவ்வழிக்கு ஒதுக்கப்பட்டிருந்தாலும், 15 ஆண்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவரே இந்நோயால் இறந்தனர். சிறுநீர்க் கசிவோ அறுவைப் பிரிவினரிடமே மிகுதி. ஆகவே, உயிர் பிழைப்பதைப் பற்றி மட்டுமன்றி, பிழைத்தபின் வாழ்வதைப் பற்றியும் நோயாளியிடம் முன்கூட்டியே பேசுவது மருத்துவ அறமாகும்.

மழலையின் ஈரத்துணியை எவரும் இழிவென எண்ணுவதில்லை. முதியவரின் ஈரம் மட்டும் இழிவாவது ஏன்? மனித மாண்பு உறுப்புகளின் கட்டுப்பாட்டில் தங்கியிருப்பதன்று. இடுப்புத்தளத் தசைப் பயிற்சியால் பலருக்குக் கசிவு குறைகிறது. ஆனால் வெட்கம் வாயடைத்தால் உதவி எவ்வாறு வரும்?

1921-இல் திருப்பத்தூரில் ஆசிரமம் நிறுவிய யேசுதாசனும் பேட்டனும் மருத்துவர்களே. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘கிறிஸ்துகுலம்’. குலம் என்பது குடும்பம்; குடும்பத்தில் எவரும் தம் நோவை ஒளிக்க வேண்டியதில்லை.

இனி “நலமா?” என்று கேட்கும்போது, இரண்டாவது பதிலுக்காகவும் சற்றே காத்திருப்போம்.