உள்ளங்கால் அனுப்பும் சேதி

1970 ஜூன் மாதம். சோயூஸ் 9 விண்கலத்தில் ஏறத்தாழ 18 நாள் பூமியைச் சுற்றிவிட்டு ஆந்திரியான் நிக்கோலயேவும் வித்தாலி செவஸ்தியானவும் தரையிறங்கினார்கள். காயம் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் எழுந்து நிற்கவே திணறினார்கள்.

வேலை இல்லாத தசை மெலியும். இது எல்லோருக்கும் தெரியும். எனக்கு வியப்பாக இருப்பது அதற்கு முந்தைய கட்டம். தசை மெலிய நாட்கள் ஆகும். நரம்போ உடனே அடங்கிவிடுகிறது. விமானத்தை வளைகோட்டில் ஏற்றி இறக்கிச் சுமார் 20 விநாடி எடையின்மையை உண்டாக்குவார்கள். அந்தச் சிறு இடைவெளியிலேயே கெண்டைக்காலின் உட்தசையில் மின்துடிப்பு சட்டென்று குறைகிறது. நாம் நிற்கும்போது உடலின் எடை கணுக்காலுக்குச் சற்று முன்னால்தான் விழுகிறது. முகங்குப்புறச் சாய்ந்துவிடாமல் நம்மை ஓயாது பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது அந்தத் தசைதான். பேருந்துக்காகக் காத்து நிற்கும்போதுகூட, நமக்குத் தெரியாமலே, அது உழைத்துக்கொண்டிருக்கிறது.

எடை போய்விட்டது என்று அதற்கு யார் சொல்கிறார்கள்? உட்காதிலுள்ள நுண்கற்கள் சொல்கின்றன, தசைக்குள் இருக்கும் உணர்விழைகள் சொல்கின்றன. உள்ளங்காலும் சொல்கிறது. மாஸ்கோவில் இனேசா கொஸ்லோவ்ஸ்கயாவின் ஆய்வுக்குழு இதைத் தண்ணீர்த் தொட்டியில் சோதித்தது. நீர் புகாத துணியின்மேல் ஆளைப் படுக்கவைத்து மிதக்கவிட்டால் உடலுக்கு ஊன்றுதல் இல்லாமல் போகிறது. சில மணி நேரத்திலேயே கெண்டைக்கால் தளர்கிறது. அப்படி மிதப்பவரின் உள்ளங்காலை, நடக்கும் தாளத்தில் அழுத்திக்கொண்டே இருந்தார்கள். தளர்ச்சி பெரிதும் குறைந்தது. அவர் ஓரடிகூட நடக்கவில்லை. ஆனால் பாதம் தரையில் படுகிறது என்ற சேதி முதுகுத்தண்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இன்று விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் நாள்தோறும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உடற்பயிற்சிக்கென்றே ஒதுக்குகிறார்கள். ஓடும்போது, தோளிலும் இடுப்பிலும் பட்டை மாட்டி உடலை ஓடுபொறியோடு இழுத்துக் கட்டிக்கொள்கிறார்கள். பாதம் பலகையில் அழுந்தினால்தான் அது ஓட்டம். மிர் நிலையத்தில் 437 நாள் இருந்த மருத்துவர் வலேரி பல்யாகவ் விடாமல் பயிற்சி செய்தவர். 1995 மார்ச்சில் தரையிறங்கியதும் கலத்தருகே இருந்த நாற்காலிக்குத் தானே நடந்துபோய் உட்கார்ந்தார்.

வீட்டில் மாதக்கணக்கில் படுத்திருக்கும் பெரியவர்களுக்குச் சத்தான உணவும் மருந்தும் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறோம். அவர்கள் பாதம் எதிலாவது ஊன்றி எத்தனை நாளாயிற்று என்பதையும் கேட்கவேண்டும் என்று நினைக்கிறேன். விண்வெளிக்காகப் பிறந்த உள்ளங்கால் அழுத்தக் கருவியை ரஷ்ய மருத்துவர்கள் பக்கவாதத்தில் படுத்தவர்களின் மறுவாழ்வுச் சிகிச்சையிலும் பயன்படுத்துகிறார்கள்.