வாக்கு கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும்

'பெண்ணுக்குப் பெண்ணே எதிரி' என்பவர்கள் சாட்சிக்கு ஒரு மாமியாரையோ பக்கத்து வீட்டுக்காரியையோ காட்டுவார்கள். அடிபட்டு நிற்பவளைப் பார்த்து "இவ வாய் சும்மா இருந்திருக்குமா?" என்று கேட்டது ஒரு பெண்தானே என்பார்கள். பெண்தான். ஏன் அப்படிக் கேட்கிறாள்?

1966இல் அமெரிக்க உளவியலாளர்கள் மெல்வின் லெர்னரும் கரோலின் சிம்மன்ஸும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு மாணவி மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறாள். தவறினால் மின் அதிர்ச்சி. அதைத் திரையில் பார்த்தவர்களும் மாணவிகளே. (அதிர்ச்சி வெறும் நடிப்பு. பார்த்தவர்களுக்கு அது தெரியாது.) ஒரு குழுவிடம் வாக்குக் கேட்டார்கள்: தண்டனையை நிறுத்திவிட்டு, சரியான விடைக்குப் பணம் கொடுக்கலாமா? ஏறக்குறைய எல்லோரும் கொடுக்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு வாக்கு இல்லை, வதை தொடரும் என்ற தகவல் மட்டும்தான். பிறகு அவள் எப்படிப்பட்டவள் என்று மதிப்பிடச் சொன்னபோது, வாக்கு கிடைக்காதவர்கள் அவளைத் தாழ்த்தி மதிப்பிட்டார்கள்.

இரு குழுவும் ஒரே விதமான மாணவிகள். மாறியது கையிலிருந்த அதிகாரம்.

உலகம் நியாயமாக நடக்கிறது என்று நம்ப விரும்புகிறோம் என்றார் லெர்னர். அநியாயத்தைத் தடுக்க முடியாதபோது, பட்டவள்மீதே பழியைப் போட்டு அந்த நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்கிறோம். பெண்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் வாய் பேசியதால்தான் அடி என்றால், வாய் பேசாத எனக்கு விழாது. பொய்யான பாதுகாப்புதான். ஆனால் பலருக்கு வேறு பாதுகாப்பு இல்லை.

சோதனையில் என்னை உலுக்கிய பகுதி வேறு. பிறருக்காக வலியை ஏற்றுக்கொண்டவளாக அந்த மாணவியைக் காட்டியபோதுதான் மதிப்பீடு மிக மோசமாக இருந்தது. பொறுத்துப் போ, உன் அருமை ஒருநாள் தெரியும் என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்?

தடுக்கும் அதிகாரம் கையில் இருந்தும் வாய் திறக்காத மாமனாரையும் மைத்துனரையும் வைத்து யாரும் பழமொழி சொல்வதில்லை. அதற்காக, கேட்ட பெண்ணுக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அதிகாரம் இல்லாதவளும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்கலாம். காவல் நிலையத்துக்குக் கிளம்பியவள் அதைக் கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றிப் போட்டு உள்ளே திரும்புகிறாள்.