யாத்திரிகரும் ஊராரும்

புனித தலமொன்றைத் தரிசிக்கச் செல்லும் மனிதன், அத்தலத்தைச் சூழ வாழும் மனிதருக்கு ஏதேனும் கடன்பட்டவனா? பக்தி என்பது மனிதனுக்கும் இறைவனுக்கும் இடையேயுள்ள தனி விவகாரம் எனக் கொள்வோர், இல்லை என்றே விடை பகர்வர். அமைதி நிலவும் ஊர்களைப் பொறுத்தவரை அவ்விடை ஒருவேளை போதுமானதாகலாம். முட்கம்பிக்கும் மதிலுக்கும் நடுவே நிற்கும் தலங்களுக்கு அது போதுமா என்பதே நம் கேள்வி.

கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் கிறிஸ்தவக் குழுக்கள் பல ஆண்டுகளாக ஜெருசலேம், பெத்லகேம், நாசரேத்து என விவிலிய பூமிக்கு யாத்திரை சென்று வந்துள்ளன. தமிழ்நாட்டு அரசு 2011இல் இதற்கென ஓர் உதவித்தொகைத் திட்டத்தையே அறிவித்தது. தொடக்கத்தில் ஆளுக்கு 20,000 ரூபா, பின்னர் 37,000 ரூபா. நம் நண்பர்கள் சிலர் இத்தகைய யாத்திரைகளை மூடநம்பிக்கையென நகைத்து ஒதுக்குவதுண்டு. அந்நகைப்பில் எனக்கு உடன்பாடில்லை. கடற்கரைக் கிராமத்து மூதாட்டி ஒருத்தி, வாழ்நாள் முழுதும் செவியால் மட்டுமே அறிந்த கலிலேயாக் கடலைக் கண்ணாற் காண விழைகின்றாள் என்றால், அதில் ஏளனத்துக்குரியது யாது? அவள் காண விழைவதன்று, அவளுக்கு எவை காட்டப்படுகின்றன என்பதே நாம் விசாரிக்க வேண்டியது.

பெத்லகேமிலுள்ள திருப்பிறப்புத் தேவாலயத்தின் வாயில் மிகத் தாழ்ந்தது. ஏறத்தாழ 4 அடி உயரமே உடையது. குனிந்தாலன்றி எவரும் உட்புக இயலாது. 'தாழ்மையின் வாயில்' என்று அதனை அழைப்பர். யாத்திரிகர் அதைக் கண்டு நெகிழ்வர், நெகிழத்தக்கதே. ஆனால் அந்நகருக்கு மற்றொரு வாயிலும் உண்டு. இஸ்ரேல் 2002இல் எழுப்பத் தொடங்கிய பிரிப்புச் சுவர் அங்கே 8 மீற்றர் உயரக் கொங்கிறீற்று மதிலாக நிற்கின்றது. ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்தில் அதனை எழுப்புவது சர்வதேசச் சட்டத்துக்கு முரணானது எனச் சர்வதேச நீதிமன்றம் 2004 யூலையில் கருத்துரைத்தது, மதில் அசையவில்லை. யாத்திரிகரின் பஸ் அதன் சோதனைச் சாவடியை எளிதிற் கடந்துவிடும். பெத்லகேமிற் பிறந்து அத்தேவாலயத்திலேயே ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவனோ, 10 கிலோமீற்றர் தூரங்கூட இல்லாத ஜெருசலேமுக்கு உயிர்த்த ஞாயிறு வழிபாட்டுக்குச் செல்வதற்கு இராணுவத்திடம் அனுமதிச் சீட்டுக் கோரி நிற்க வேண்டும். கிடைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. காஸாவில் எஞ்சியிருந்த சுமார் ஆயிரம் கிறிஸ்தவரும் நத்தாருக்குப் பெத்லகேம் செல்ல இவ்வாறே காத்திருந்தனர். ஆயிரக்கணக்கான மைல் கடந்து வருபவனுக்குத் திறக்கும் கதவு, அயலூரானுக்கு மூடிக்கிடக்கின்றது.

பெரும்பாலான குழுக்கள் சில மணி நேரத்தில் பெத்லகேமை முடித்துக்கொள்வன. வெள்ளி நட்சத்திரம் பதித்த குகையை முத்தமிட்டு, ஒலிவ மரச் சிற்பம் ஒன்றை வாங்கிக்கொண்டு, மாலையில் ஜெருசலேம் விடுதிக்குத் திரும்பிவிடும். 1948இல் வீடிழந்தோரின் வழித்தோன்றல்கள் வாழும் ஆயிதா, தெஹைஷா முகாம்கள் அந்நகரைச் சார்ந்தே உள்ளன. அவை பயணத் திட்டத்தில் இடம்பெறுவது அரிது. யோர்தான் நதிக்கரையிலோ நிலைமை இன்னும் விசித்திரமானது. 1967இன் யுத்தத்துக்குப் பின்னர் மேற்குக்கரையிலுள்ள அத்திருமுழுக்குத் தலத்தைச் சூழக் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. 2011இல் தலம் மீண்டும் யாத்திரிகருக்குத் திறக்கப்பட்டபோது, அபாய அறிவிப்புப் பலகை தொங்கும் வேலிகளுக்கிடையே நடந்து சென்றே வெள்ளையாடை பூண்டோர் நீரில் இறங்கினர். இருமருங்கிலும் துறவியர் கைவிட்டுப் போன பழைய ஆலயங்கள். கண்ணிவெடி அகற்றும் பணி அங்கு 2018இலேதான் தொடங்கியது. வன்னியிற் கண்ணிவெடிப் பலகைகளைக் கண்ட நம்மவர்க்கு அக்காட்சியை விளக்க வேண்டியதில்லை.

அப்படியாயின் போகாதிருப்பதே அறமா? சிலர் அவ்வாறு வாதிடுவர். எனக்கு அது எளிய விடையாகவே படுகின்றது. 2009 டிசம்பரில் பலஸ்தீனக் கிறிஸ்தவர் 'கைரோஸ் பலஸ்தீனம்' என்ற பிரகடனத்தைப் பெத்லகேமில் வெளியிட்டபோது, உலகத் திருச்சபையினரை வரவேண்டாம் என்று கூறவில்லை. வந்து எங்கள் நிலையை அறியுங்கள் என்றே அழைத்தனர். 2023 ஒக்டோபர் 7இல் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். அதன் பின் காஸாவிற் பல்லாயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அவ்வொக்டோபர் 19ஆம் நாள், காஸாவின் புனித பொர்பீரியஸ் தேவாலய வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோரும் குண்டுவீச்சில் மாண்டனர். யாத்திரிகர் வரவு அற்றுப்போயிற்று. பெத்லகேமின் விடுதிகள் மூடப்பட்டன; ஒலிவ மரம் செதுக்கும் தொழிலாளரின் கை ஓய்ந்தது. 2023, 2024 ஆகிய இரு நத்தார்களும் அங்கே ஆரவாரமின்றிக் கழிந்தன. ஆகவே, பாராமற் செல்பவன் ஊராரை மறக்கின்றான் என்றால், செல்லாதிருப்பவன் அவர்தம் அடுப்பை அணைக்கின்றான் என்றும் சொல்ல இடமுண்டு.

யாத்திரிகன் குழுவோடு செல்பவன் என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. எங்கு தங்குவது, யார் வழிகாட்டுவது, எத்தெருவைத் தவிர்ப்பது என்பனவெல்லாம் அவனுக்காக முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றன. அவனுடைய குருட்டுத்தனம் பெரும்பாலும் அவனே தேடிக்கொண்டதன்று. கட்டணத்தோடு சேர்த்து விற்கப்பட்டது. எனினும் பெத்லகேமில் ஓர் இரவு தங்க வேண்டும், அவ்வூர்ப் பங்கு மக்களுடன் ஒரு வேளை உண்ண வேண்டும் எனக் குழுவினர் கேட்டுப் பெறலாம். கேட்டுச் சென்ற குழுக்களும் உண்டு.

இதைத் தொலைதேசத்துக் கதையென நாம் ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. மடுத்தலத்தை நினைத்துப் பாருங்கள். ஒல்லாந்தரின் துன்புறுத்தலுக்கு அஞ்சி மாந்தையிலிருந்து மாதா சொரூபத்தைச் சுமந்து காட்டுக்குள் ஓடிய குடும்பங்களே அத்தலத்துக்கு வித்திட்டன என்பது மரபு. அகதிகள் அமைத்த கோயில் அது. யுத்த காலத்தில் மீண்டும் ஆயிரக்கணக்கான அகதிகளுக்கு அது புகலிடமாயிற்று. 1999 நவம்பர் 20இல் அவ்வளாகத்தில் எறிகணைகள் வீழ்ந்து ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். யுத்தம் முடிந்த 2009 ஓகஸ்ட் மாதத் திருவிழாவுக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் இலட்சக்கணக்கானோர் திரண்டனர். அந்நாளில் வன்னி மக்கள் 2 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மெனிக் பாம் முதலிய முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்தனர். தம் விருப்பப்படி வெளியேறும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக மாட்டுவண்டி கட்டி மடுவுக்குச் சென்ற குடும்பத்தினரும் அவர்களுள் இருந்தனர். தென்னிலங்கையிலிருந்து வந்த யாத்திரிகர் கெட்டவரல்லர். அவர்களும் நெடுங்காலம் அத்தலத்தைக் காண ஏங்கியவரே. ஆனால் அவர்களுடைய பஸ்ஸும் ஒரு முகாமின் அருகே சென்றது. உள்ளிருந்தோரின் பெயரால் அன்று எத்தனை மெழுகுவர்த்தி ஏற்றப்பட்டது? மன்னார் மாவட்டத்து முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்திற் கிடந்த ஆண்டுகளிலும் மடுவில் திருவிழாக்கள் நடந்தன என்பதை இங்கு சேர்த்துச் சொல்லாவிடில், என் மாணவர்களே என்னைக் கேள்வி கேட்பர்.

கல்முனையிலும் அயலூர்களிலும் பலஸ்தீனத்துக்காக ஜும்ஆவிற் கைகள் ஏந்தப்படுகின்றன. அப்பிரார்த்தனையின் உண்மையை ஐயுறுவதற்கில்லை. ஆயினும் பலஸ்தீனருள் கிறிஸ்தவரும் உளர், பெத்லகேம் ஒரு காலத்தில் கிறிஸ்தவர் பெரும்பான்மையாக வாழ்ந்த நகர் என்று வகுப்பிற் கூறினால் பிள்ளைகள் வியப்புறுகின்றனர். மறுபுறத்தே, மதிலைப் பற்றிப் பேசுவது முஸ்லிம்களின் கட்சியிற் சேர்வதாகும் எனத் தயங்கும் கிறிஸ்தவர் இக்கரையில் உளர். அத்தயக்கத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைக் குழந்தைகள் மாண்டதையும், ஐந்து நாளின் பின் சாய்ந்தமருதில் வெடித்த வீட்டினுள்ளும் குழந்தைகள் மாண்டதையும் இக்கரை எளிதில் மறவாது. அதன் பின்னர் அயலவர் அயலவரை அளந்தே பேசினர். இந்நிலையில் ஒரு சாராருக்குப் பலஸ்தீனம் மார்க்கச் செய்தியாகவும், மறு சாராருக்கு விவிலியப் படமாகவும் குறுகிவிட, அங்கே வாழும் மனிதன் இருவர் பார்வையிலிருந்தும் நழுவிவிடுகின்றான்.

ஜெருசலேமின் திருக்கல்லறைத் தேவாலயச் சாவியைப் பல நூற்றாண்டுகளாக ஒரு முஸ்லிம் குடும்பம் வைத்திருக்கின்றது; மற்றொரு முஸ்லிம் குடும்பம் கதவைத் திறக்கின்றது. திருச்சபைப் பிரிவுகளுக்கிடையிலான பூசலைத் தவிர்க்க நிலைபெற்ற பழைய ஏற்பாடு என்பர். இதனை நல்லிணக்கக் காவியமாக்கிப் புளகாங்கிதம் அடையத் தேவையில்லை. ஆயினும் அக்கதவைத் திறப்பவர் யாரென வழிகாட்டி கூறினாரா என்று, யாத்திரை முடித்து இவ்வூருக்குத் திரும்பும் அயலவரிடம் நம் மாணவர் ஒருவர் கேட்கலாம். மதிலுக்கு அப்பால் யாருடைய வீட்டில் தேநீர் அருந்தினீர்கள் என்பதையும் அப்படியே கேட்டுக்கொள்ளலாம்.